தேவாலயப் பாத்திரங்கள் நாணயமான கதை: 1795இன் ஃபுல்டா வெள்ளித் தாலர்

ஜேர்மனியின் நடுப்பகுதியில் உள்ள ஃபுல்டா என்ற சிறிய ஆயர் அரசு 1795ஆம் ஆண்டு ஒரு வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. அதில் இலத்தீன் மொழியில் நான்கு சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 'கடவுளுக்காகவும் நாட்டுக்காகவும்' என்பது அவற்றின் பொருள்.

போர்க்காலத்தில் அரசுகள் நாணயம் வெளியிடுவது புதிதல்ல. ஆனால் 1794 முதல் 1796 வரை ஜேர்மன் ஆயர் அரசுகள் வெளியிட்ட தாலர்கள் வேறு வகையானவை. அவற்றுக்கான வெள்ளி சுரங்கத்திலிருந்து வரவில்லை. தேவாலயப் பாத்திரங்கள், அரண்மனைச் சாப்பாட்டு மேசையின் வெள்ளித் தட்டுகள், குருமாரும் பொதுமக்களும் கொடுத்த வெள்ளிப் பொருட்கள் ஆகியவற்றை உருக்கியே அவை அடிக்கப்பட்டன. அவற்றுள் சில, தம் வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதைத் தம் முகத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன.

நாணயவியலாளர் இவற்றை 'பங்களிப்புத் தாலர்' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். பங்களிப்பு என்பது கேட்பதற்கு மென்மையான சொல். ஆனால் அக்கால ஜேர்மன் மொழியில் அச்சொல் போர் வரியையும் குறித்தது. ஊருக்குள் நுழைந்த படை அந்த ஊரிடம் அறவிட்ட கப்பத்தையும் குறித்தது. கொடுத்தது எது, பறிக்கப்பட்டது எது என்ற கேள்வி இந்த நாணயங்களின் பெயரிலேயே இருக்கிறது.

ஆயரே அரசர்

இன்றைய ஜேர்மனி அன்று ஒரே நாடாக இருக்கவில்லை. புனித உரோமைப் பேரரசு என்ற பெயரின் கீழ் நூற்றுக்கணக்கான சிறிய, பெரிய அரசுகள் இருந்தன. அவற்றில் கணிசமானவை திருச்சபை அரசுகள். அங்கே ஆயர் அல்லது மடாதிபதி ஆன்மீகத் தலைவராக மட்டும் இருக்கவில்லை. வரி வாங்கினார், நீதிமன்றம் நடத்தினார், படை வைத்திருந்தார், தன் பெயரில் நாணயமும் வெளியிட்டார். மைன்ஸ், கொலோன், ட்ரியர் ஆகிய மூன்று இடங்களின் பேராயர்களுக்குப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இருந்தது.

ஃபுல்டா 744ஆம் ஆண்டு ஒரு துறவு மடமாகத் தொடங்கியது. ஜேர்மானியரின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித பொனிபாசியார் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மடம் வளர்ந்து அரசாகி, 1752இல் ஆயர் அரசாகத் தரம் உயர்ந்தது. 1788இல் பதவிக்கு வந்த அடல்பேர்ட் வொன் ஹார்ஸ்டால் என்பவரே அதன் கடைசி ஆயர் அரசர். 'கடவுளுக்காகவும் நாட்டுக்காகவும்' என்ற தாலர் அவருடைய ஆட்சியில் வெளியானது. அதில் 'நாடு' என்று குறிப்பிடப்படுவது, பெரும்பாலானோர் வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய அந்தச் சிறு நிலப்பரப்பையே.

போர் வந்த விதம்

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தப்பி ஓடிய பிரெஞ்சுப் பிரபுக்கள் ரைன் நதிக்கரையில் உள்ள கொப்ளென்ஸ் நகரில் கூடினார்கள். அந்த நகரம் ட்ரியர் பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸின் ஆட்சியில் இருந்தது. அவர் பிரெஞ்சு மன்னர் 16ஆம் லூயியின் தாய்மாமன். மருமகனின் ஆதரவாளர்களுக்கு அவர் இடம் கொடுத்தார். இதனால் அந்தச் சிறிய அரசு பிரான்சின் கோபத்துக்கு நேரடியாக உள்ளானது.

1792 ஏப்ரலில் பிரான்ஸ் ஆஸ்திரியா மீது போர் அறிவித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரெஞ்சுப் படை மைன்ஸ் நகரைப் பிடித்தது. 1793 மார்ச்சில் முழுப் பேரரசும் போரில் இறங்கியது. ஒவ்வொரு அரசும் தன் பங்குக்குப் படைவீரரையும் பணத்தையும் கொடுக்க வேண்டும் என்பது பேரரசின் விதி. ஃபுல்டா, ஐஷ்டெட் போன்ற சிறிய அரசுகளுக்கும் இதில் விலக்கு இல்லை.

படைக்குச் சம்பளம், குதிரைக்குத் தீவனம், துப்பாக்கிக்கு மருந்து என்று எல்லாவற்றுக்கும் உடனடியாகக் காசு வேண்டும். கடன் கொடுப்போர் குறைந்துவிட்டனர். கையில் இருந்தது தேவாலயங்களிலும் அரண்மனைகளிலும் தலைமுறைகளாகச் சேர்ந்த வெள்ளி மட்டுமே.

எதிர்த்தரப்பும் போருக்கான பணத்தைத் திருச்சபையிடமிருந்தே எடுத்தது என்பது குறிப்பிடத்தக்கது. பிரான்சில் 1789 நவம்பரில் திருச்சபை நிலங்கள் தேசவுடைமையாக்கப்பட்டன. அந்த நிலங்களை ஈடாகக் காட்டி அசிஞ்ஞா என்ற காகிதப் பணம் அச்சிடப்பட்டது. தேவாலய மணிகள் இறக்கப்பட்டு, அவற்றின் உலோகம் சில்லறைக் காசாக்கப்பட்டது. காகிதப் பணமோ அளவுக்கு மீறி அச்சிடப்பட்டு மதிப்பிழந்தது. 1796 பெப்ரவரியில் அதை அச்சிட்ட தகடுகள் பாரிஸில் பொதுமக்கள் முன்னிலையில் அழிக்கப்பட்டன.

கிண்ணம் ஒன்று எத்தனை தாலர்?

ஜேர்மன் ஆயர்கள் காகிதத்தை நாடவில்லை. அவர்களின் தாலர்கள் 1753இல் ஆஸ்திரியாவும் பவேரியாவும் செய்துகொண்ட நாணய உடன்படிக்கையின் அளவிலேயே அடிக்கப்பட்டன. கொலோன் மார்க் என்ற எடை சுமார் 234 கிராம். அந்த அளவு தூய வெள்ளியிலிருந்து 10 தாலர் மட்டுமே எடுக்கலாம். அதாவது ஒரு தாலரில் சுமார் 23.4 கிராம் தூய வெள்ளி. செம்பு கலந்த பின் நாணயத்தின் மொத்த எடை சுமார் 28 கிராம்.

'பத்து சேர்ந்தால் ஒரு தூய மார்க்' என்ற உறுதிமொழியும் இக்கால நாணயங்களில் பொறிக்கப்பட்டது. இதற்குக் காரணம் உண்டு. முப்பதாண்டுப் போரின் தொடக்கத்தில், 1619 முதல் 1623 வரை, ஜேர்மன் அரசுகள் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டி நாணயம் வெளியிட்டு மக்களின் சேமிப்பை அழித்திருந்தன. அந்த அனுபவம் உள்ள மண்ணில், நாணயம் தன் எடையைத் தானே சொல்லி நம்பிக்கை பெற வேண்டியிருந்தது.

ஒரு கணக்குப் பார்ப்போம். அக்கால ஜேர்மனியில் சிறந்த வெள்ளி வேலைக்குப் பெயர் பெற்ற நகரம் அவுக்ஸ்பேர்க். அங்கே செய்யப்பட்ட பாத்திரங்களில் பொதுவாக 16 பங்குக்கு 13 பங்கு தூய வெள்ளி. அரைக் கிலோ எடையுள்ள ஒரு திருப்பலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டால், அதில் சுமார் 406 கிராம் தூய வெள்ளி இருக்கும். உருக்கினால் 17 தாலர் கிடைக்கும். கொல்லனின் கைவேலைக்கும், அதில் பொறிக்கப்பட்ட காணிக்கையாளரின் பெயருக்கும், நூறு ஆண்டு வழிபாட்டுக்கும் உலையில் எடை இல்லை.

வீட்டு நகையைத் தட்டாரின் தராசில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது. போர்க்காலத்தில் நகை முதலில் இழப்பது வேலைப்பாட்டின் மதிப்பை. மிஞ்சுவது எடை மட்டுமே.

நாணயங்கள் சொல்லும் சொற்கள்

இந்தத் தாலர்களில் உள்ள வாசகங்களை அருகருகே வைத்துப் படித்தால், ஒவ்வொரு அரசும் இந்த வெள்ளியைப் பற்றி என்ன சொல்ல விரும்பியது என்பது தெரியும்.

ட்ரியர், 1794: வெள்ளிப் பாத்திரங்களிலிருந்து, நாட்டின் பயன்பாட்டுக்காக, குருமாரும் தனியாரும் வட்டியின்றிக் கொடுத்தவை என்று இலத்தீனில் விரிவாகச் சொல்கிறது.

வூர்ஸ்பேர்க், 1794, 1795: 'நாட்டுக்காக' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

பாம்பேர்க், 1795: 'தாய்நாட்டின் நன்மைக்காக' என்று, இலத்தீனில் அல்லாமல் மக்கள் பேசிய ஜேர்மன் மொழியிலேயே சொல்கிறது.

ஐஷ்டெட், 1796: தேவையில் வாடும் நாட்டுக்கு உதவி செய்யும் அரசவை வெள்ளிப் பாத்திரங்கள் என்று அறிவிக்கிறது. ஆயர் ஜோசப் வொன் ஸ்டூபன்பேர்க்கின் அரண்மனைப் பாத்திரங்கள் அவை.

பிராங்போர்ட், 1796: இது ஆயர் அரசு அல்ல, சுதந்திர நகரம். ஆனால் எல்லாவற்றிலும் தெளிவான வாசகம் இதனுடையதே. 'பிராங்போர்ட் நகரத் தேவாலயங்களின், குடிமக்களின் பாத்திரங்களிலிருந்து' என்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் பிரெஞ்சுப் படை நகரைக் குண்டுகளால் தாக்கியது. யூதர் குடியிருப்பின் பெரும்பகுதி எரிந்தது. நகரம் பணிந்த பின் படை பெருந்தொகையைக் கப்பமாகக் கேட்டது.

இவற்றுள் ட்ரியர் தாலரின் ஒரு சொல் கவனிக்கத்தக்கது: 'வட்டியின்றி'. கொடுத்தவர்கள் வட்டி கேட்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறது நாணயம். ஆனால் அந்தக் கொடையாளரில் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை; 'குருமார்', 'தனியார்' என்று கூட்டாகவே குறிப்பிடப்படுகிறார்கள்.

கொடுத்ததால் அவர்கள் காப்பாற்றப்பட்டார்களா? தாலர் வெளியான 1794ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுப் படை ஓகஸ்டில் ட்ரியரையும், ஒக்டோபர் 23இல் கொப்ளென்ஸையும் பிடித்தது. பேராயர் அவுக்ஸ்பேர்க் நகருக்குப் போனார். பாத்திரம் கொடுத்தவர்களோ தம் ஊரிலேயே இருந்து புதிய ஆட்சியாளரின் கப்பத்தையும் கட்டினார்கள்.

1622: கேட்காமல் எடுத்த வெள்ளி

ஜேர்மன் மண்ணில் தேவாலய வெள்ளி நாணயமானது அதுவே முதல் முறை அல்ல. முப்பதாண்டுப் போரின்போது, 1622இன் தொடக்கத்தில், பிரவுன்ஷ்வைக் இளவரசர் கிறிஸ்டியான் பாடர்போர்ன் என்ற ஆயர் அரசுக்குள் படையுடன் நுழைந்தார். புரட்டஸ்தாந்தரான அவரே ஹல்பர்ஸ்டாட் ஆயர் அரசின் நிர்வாகியாகவும் இருந்தார். பாடர்போர்ன் பேராலயத்தில் புனித லிபோரியஸின் எலும்புகள் வைக்கப்பட்டிருந்த வெள்ளிப் பேழையை எடுத்து உருக்கினார்.

அந்த வெள்ளியிலிருந்து அடித்த தாலர்களில் 'கடவுளின் நண்பன், குருமாரின் பகைவன்' என்று பொறித்தார். வெள்ளியால் ஆன திருத்தூதர் சிலைகளைக் கண்டபோது, "உலகெங்கும் போங்கள் என்றல்லவா உங்களுக்குக் கட்டளை, இங்கே ஏன் நிற்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு உலைக்கு அனுப்பினார் என்று ஒரு கதையும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. எடுத்தவன் சிரித்துக்கொண்டு சொன்னதாகச் சொல்லப்படும் கதை அது.

புனிதரின் எலும்புகள் 1627இல் பாடர்போர்னுக்குத் திரும்பின. புதிய பேழை ஒன்று செய்யப்பட்டு அவை அதில் வைக்கப்பட்டன. பழைய பேழை திரும்பவே இல்லை.

1622இன் தாலரிலும் 1795இன் தாலரிலும் இருப்பது வெள்ளிதான். முந்தியது எதிரி எடுத்த வெள்ளி. பிந்தியது சொந்த ஆட்சி கேட்டு வாங்கிய வெள்ளி. இரண்டும் சேர்ந்த இடம் படைவீரனின் சம்பளப் பைதான். என்றாலும் அந்த ஊர் மக்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. கேட்டு வாங்கியவர் குறைந்தபட்சம், யாருடையது என்பதை நாணயத்தில் எழுத வேண்டும் என்று நினைத்தார்.

புனிதப் பாத்திரத்தை உருக்கலாமா?

கத்தோலிக்க மரபில் திருப்பலிக் கிண்ணம் சாதாரணப் பாத்திரம் அல்ல, திருநிலைப்படுத்தப்பட்டது. அதை உலையில் இடுவது எளிய முடிவு அல்ல. ஆனால் இதற்குப் பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு.

378இல் அட்ரியனோபிள் போரில் உரோமைப் படை கோத் இனத்தவரிடம் தோற்றது. பெருந்தொகையானோர் சிறைபிடிக்கப்பட்டனர். அப்போது மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியார் தேவாலயப் பாத்திரங்களை உடைத்து, அந்தப் பொன்னைக் கொடுத்துக் கைதிகளை மீட்டார். அவரைக் குறை சொன்னவர்களுக்கு அவர் எழுத்திலேயே பதில் கொடுத்தார். திருச்சபையின் பொன் பூட்டி வைப்பதற்கல்ல, துன்பப்படுவோருக்குச் செலவிடுவதற்கே என்பது அவர் வாதத்தின் சாரம்.

அம்புரோசியாரின் பொன் மனிதர்களை விடுதலை செய்தது. 1795இன் வெள்ளி படைகளுக்குச் சம்பளமானது. பாத்திரம் உருகியது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் மீட்கப்பட்ட கைதி வீடு திரும்பினான். படைக்குப் போன தாலருக்கு அப்படி ஒரு முடிவு கிடைத்ததாகச் சொல்ல முடியாது. 1796இல் பிரெஞ்சுத் தளபதி ஜூர்டான் வூர்ஸ்பேர்க், பாம்பேர்க் ஆகிய இரண்டு ஆயர் நகரங்களுக்குள்ளும் நுழைந்தார். செப்டெம்பர் 3இல் ஆஸ்திரிய இளவரசர் கார்ல் அவரை வூர்ஸ்பேர்க்கில் தோற்கடித்தார். ஆனால் அந்த வெற்றி ஆயர் அரசுகளுக்குச் சில ஆண்டு அவகாசத்தை மட்டுமே கொடுத்தது.

அதே ஆண்டு, அதே போர், யாழ்ப்பாணக் கோட்டை

இந்தப் போர் ரைன் நதியோடு நிற்கவில்லை. 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைந்தது. அந்நாட்டின் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். பெப்ரவரியில் கியூ என்ற இடத்தில் இருந்து ஒல்லாந்தக் குடியேற்றங்களின் ஆளுநர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். பிரித்தானியப் படைகளை உள்ளே விடும்படி அவற்றில் அறிவுறுத்தியிருந்தார்.

அக்கடிதங்களை முன்வைத்து வந்த பிரித்தானியர், இலங்கையில் எதிர்ப்பு ஏற்பட்ட இடங்களில் படை கொண்டு பிடித்தனர். ஓகஸ்ட் இறுதியில் திருகோணமலை வீழ்ந்தது. செப்டெம்பர் 28இல் யாழ்ப்பாணக் கோட்டை கைமாறியது. 1796 பெப்ரவரியில் கொழும்பு சரணடைந்தது. ஃபுல்டா தாலர் வெளியான அதே 1795இல், அதே போரின் விளைவாக, யாழ்ப்பாணத்தின் ஆட்சியாளரும் மாறினர்.

தொடர்பு இத்துடன் முடியவில்லை. 1802 மார்ச்சில் அமியன் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் ஒரு பிரிவின்படி இலங்கையின் ஒல்லாந்தப் பகுதிகள் பிரித்தானியாவுக்கு முறைப்படி கொடுக்கப்பட்டன. இன்னொரு பிரிவு, ஒல்லாந்தை இழந்த ஐந்தாம் வில்லியத்தின் குடும்பத்துக்கு வேறிடத்தில் ஈடு வழங்கப்பட வேண்டும் என்றது. அந்த ஈடாகக் கொடுக்கப்பட்டவற்றில் முக்கியமானது ஃபுல்டா.

திருச்சபையிடம் பறித்த நிலத்தை ஏற்க மனமில்லாத ஐந்தாம் வில்லியம் அதைத் தன் மகனுக்கு விட்டுக்கொடுத்தார். அந்த மகன் ஃபுல்டாவில் குடியேறி ஆட்சி செய்தார். நான்கு ஆண்டுகளுக்குள், 1806இல், நெப்போலியன் அதையும் அவரிடமிருந்து பறித்தார். அவரே பின்னர் 1815இல் நெதர்லாந்தின் முதல் மன்னரானார்.

யாழ்ப்பாணத்து மக்களையோ ஃபுல்டா மக்களையோ யாரும் கேட்கவில்லை. ஒரே உடன்படிக்கையில் ஒரு குடும்பத்தின் இழப்பும் ஈடும் கணக்குப் பார்க்கப்பட்டன. கணக்கில் வைக்கப்பட்டவை இரண்டு தொலைதூர நிலங்கள்.

கடைசியில் மிஞ்சியவை

1803 பெப்ரவரி 25இல் பேரரசின் சிறப்புக் குழு தன் இறுதித் தீர்மானத்தை வெளியிட்டது. ரைன் நதியின் இடக்கரையைப் பிரான்சிடம் இழந்த இளவரசர்களுக்கு ஈடாக, ஆயர் அரசுகள் அநேகமாக எல்லாமே கலைத்துப் பங்கிடப்பட்டன. வூர்ஸ்பேர்க்கும் பாம்பேர்க்கும் பவேரியாவுக்குப் போயின. நூற்றுக்கணக்கான மடங்கள் மூடப்பட்டன. போருக்குக் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருந்த வெள்ளியும் பொன்னும் இப்போது புதிய அரசுகளின் உலைக்குப் போயின. ஐஷ்டெட் பேராலயத்தில் இருந்த, மணிகள் பதித்த புகழ்பெற்ற கதிர்ப்பாத்திரம் இவ்வாறே அழிந்தது.

அடல்பேர்ட் வொன் ஹார்ஸ்டால் அரசர் பதவியை இழந்தாலும் ஆயராக ஃபுல்டாவிலேயே வாழ்ந்து 1814இல் இறந்தார். 'கடவுளுக்காகவும் நாட்டுக்காகவும்' என்று அவர் பொறித்த நாடு, அந்த நாணயம் வெளியாகி எட்டு ஆண்டுகளுக்குள் இல்லாமல் போனது.

இன்று இந்தத் தாலர்கள் ஜேர்மன் அருங்காட்சியகங்களிலும் நாணய ஏலங்களிலும் காணப்படுகின்றன. அக்காலத்து மற்றத் தாலர்களிலிருந்து அவற்றை எடையாலோ அளவாலோ பிரித்தறிய முடியாது. வாசகத்தைப் படித்தால் மட்டுமே தெரியும்.

உருக்கப்பட்ட பொருள் வழக்கமாகத் தன் வரலாற்றையும் சேர்த்தே இழந்துவிடும். எந்தக் கிண்ணம், எந்த ஊர்த் தேவாலயம், யார் கொடுத்தது என்பதெல்லாம் உலையோடு போய்விடும். ட்ரியரிலும் ஐஷ்டெட்டிலும் பிராங்போர்ட்டிலும் யாரோ ஒருவர், இந்த வெள்ளி முன்பு பாத்திரமாக இருந்தது என்பதையாவது எழுதி வையுங்கள் என்று முடிவெடுத்தார். கொடுத்தவர்களின் பெயர்களை அது காப்பாற்றவில்லை. அவர்கள் கொடுத்தார்கள் என்ற செய்தியை மட்டும் 200 ஆண்டுகளுக்கு மேலாகக் காப்பாற்றி வந்திருக்கிறது.